ஆளில்லாத வீட்டில் ஓடிய ஏசி

அம்மா: அந்த ரிமோட்டைக் கீழ வைங்க.

அப்பா: எந்த ரிமோட்டு?

அம்மா: முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கீங்களே, அது.

அப்பா: இதா... இது டிவி ரிமோட்டு.

அம்மா: டிவி ரிமோட்டை அமுக்கினா ஏசி ஓடுமா?

அப்பா: நீ ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்துட்டே? லேப்ல இன்னிக்கு ரத்தம் குடுக்க யாரும் வரலையா?

அம்மா: வந்தாங்க. எடுத்து முடிச்சுட்டுத்தான் வந்தேன். இப்ப உங்ககிட்ட எடுக்கப் போறேன். எதுக்கு ஏசி?

அப்பா: புழுக்கமா இருந்துச்சு.

அம்மா: புழுக்கத்துக்குத்தான் போர்வையைப் போர்த்திட்டு உக்காந்திருக்கீங்களா?

அப்பா: அது... ஏசி போட்டதும் குளிர ஆரம்பிச்சிடுச்சு.

அம்மா: சன்னல் மூணும் தொறந்து கிடக்கு.

அப்பா: குளிருதேன்னுதான் தொறந்தேன். கொஞ்சம் வெயில் காத்து வரட்டுமேன்னு.

அம்மா: இருங்க இருங்க. ஹால்ல லைட்டு எரியுது. பட்டப்பகல்ல. வாசல்ல எரியுது. பாத்ரூம்ல எரியுது. சமையல்கட்டுல என்ன சத்தம்?

அப்பா: எந்தச் சத்தம்?

அம்மா: கடகடன்னு.

அப்பா: மிக்சி.

அம்மா: என்ன அரைக்கறீங்க?

அப்பா: ஒண்ணும் இல்ல.

அம்மா: ஒண்ணும் இல்லேன்னா?

அப்பா: ஒண்ணும் போடல. வெறும் மிக்சிதான் ஓடுது. அப்படிப் பாக்காதே. இரு, நிறுத்திட்டு வந்துடறேன்.

அம்மா: நில்லுங்க. நானே நிறுத்தறேன். ...ஐயோ, ஜாரைத் தொட முடியல, கொதிக்குது. உங்களுக்கு என்ன ஆச்சு? ஊருக்கெல்லாம் கண்ணு டெஸ்ட் பண்ணி கண்ணாடி போட்டு விடறீங்க. மத்தியானம் கடையைச் சாத்திட்டு வந்து, யாரும் இல்லாத வீட்டுல ஏசியையும் மிக்சியையும் போட்டுட்டு, போர்வைக்குள்ள உக்காந்திருக்கீங்க. காய்ச்சல் அடிக்குதா? கையைக் குடுங்க.

அப்பா: காய்ச்சல் எல்லாம் இல்ல. விடு.

அம்மா: இன்னிக்கு என்ன நாளுன்னு ஞாபகம் இருக்கா?

அப்பா: இருக்கு.

அம்மா: கடைசி நாள். நாலு மணிக்கு மீட்டரைப் படம் புடிச்சு நம்ம பொண்ணோட ஸ்கூல் மிஸ்ஸுக்கு அனுப்பணும். நானே அனுப்பறேன்னு மாரைத் தட்டிக்கிட்டுச் சொன்னது யாரு?

அப்பா: நான்தான். அனுப்பத்தானே போறேன்.

அம்மா: இந்த மீட்டரையா? நம்ம வீட்டுல வந்து தங்கியிருக்கற அந்த வெளிநாட்டுப் பொண்ணு ரெண்டு வாரமா பச்சத் தண்ணியில குளிக்குது. எங்க ஊர்ல குழாயைத் தொறந்தா பல்லு ஆடிப் போயிடும், இது எவ்வளவோ தேவலைன்னு சிரிக்குது.

அப்பா: பனிக்குட்டியைச் சொல்றியா?

அம்மா: அவளுக்கு அழகா ஒரு பேரு இருக்கு.

அப்பா: அது வாயில நுழைய மாட்டேங்குது. நுழைஞ்சாலும் வெளிய வரும்போது வேற யார் பேராவோ வருது. பனி கொட்டற ஊரு, பனிக்குட்டி. அவளுக்கே புடிச்சிருக்கு.

அம்மா: அது கடல் தாண்டி இங்க எதுக்கு வந்திருக்கு? காத்தும் தண்ணியும் கெட்டுப் போகாம எப்படி வாழறதுன்னு நம்ம புள்ளைங்களோட சேர்ந்து கத்துக்க வந்திருக்கு. அதுக்கு நீங்க காட்டற லட்சணம் இது.

அப்பா: நல்லாத்தான் கத்துக்கிட்டா. முதல்ல கத்துக்கிட்ட வார்த்தை என்ன? 'அணை'. நான் பாத்ரூம்ல இருக்கேன், வெளியில நின்னுக்கிட்டு 'மாமா, அணை'ங்கறா. இருட்டுல உக்காந்திருந்தேன்டி. வழியே தெரியாம சோப்பு டப்பாவுல கால் வெச்சு...

அம்மா: பேச்சை மாத்தாதீங்க. பத்து வீட்டுல பத்துப் புள்ளைங்க வந்து தங்கியிருக்கு. எந்த வீட்டுல கரண்ட்டு செலவு குறைச்சலோ, அந்த வீட்டுப் புள்ளைதான் பதிலுக்கு அவங்க ஊருக்குப் போகும். இதுதானே போட்டி? முதல் வாரம் நம்ம வீடுதான் முன்னாடி. வக்கீல் வீடு பின்னாடி மூச்சு வாங்கிட்டு வந்துச்சு. இந்த வாரம் பாத்தா நம்ம மீட்டரு தலைதெறிக்க ஓடுது. மீட்டர்ல ஏதாவது கோளாறா இருக்குமோன்னு நான் லைன்மேனைக்கூட கூப்பிடப் பாத்தேன்.

அப்பா: கூப்பிட்டியா?

அம்மா: இல்ல. பயப்படாதீங்க.

அப்பா: நான் எதுக்குப் பயப்படறேன்?

அம்மா: அப்ப சொல்லுங்க. எதுக்கு இதெல்லாம்?

அப்பா: உண்மையைச் சொல்லட்டுமா?

அம்மா: பின்ன?

அப்பா: பூமிக்காகத்தான்.

அம்மா: எதுக்காக?

அப்பா: பூமியைக் காப்பாத்தத்தான் ஏசி போட்டேன். சிரிக்காதே, கேளு. நம்ம புள்ள ஜெயிச்சா எப்படிப் போவா? நடந்தா? பிளேன்ல. ஒரு பிளேன் எவ்வளவு எண்ணெய் குடிக்கும்? போறதுக்கு ஒரு தரம், வர்றதுக்கு ஒரு தரம். அதை நிறுத்தறதுக்கு இங்க கொஞ்சம் ஏசி, கொஞ்சம் மிக்சி. யோசிச்சுப் பாத்தா இதுதான் சிக்கனம்.

அம்மா: அவ ஏறலேன்னா அந்த பிளேன் பறக்காம நிக்குமா?

அப்பா: ...ஒரு ஆள் கனம் குறையுமில்ல.

அம்மா: அவ இருக்கற இருப்புக்கு ஒரு பெட்டி கனம்கூட வராது. ஒழுங்கா சொல்லுங்க.

அப்பா: மூணு மாசம்டி. மூணு மாசம் அங்க போய் இருப்பா. தெரியாத ஊரு. தெரியாத வீடு. காலையில எந்திரிச்சா சன்னலுக்கு வெளிய வெள்ளையா இருக்குமாம். சாயங்காலம் சீக்கிரமே இருட்டிடுமாம். அந்த இருட்டுல நம்ம புள்ள... அவளுக்கு இன்னும் ஷூ லேஸே சரியா கட்டத் தெரியாது.

அம்மா: கட்டுவா. நீங்க இருக்கும்போது மட்டும்தான் காலை நீட்டுவா.

அப்பா: அப்படியா?

அம்மா: இத்தனை நாளா உங்களுக்குத் தெரியாதா? ஊர்க் கண்ணெல்லாம் பாத்து என்ன பிரயோஜனம்.

அப்பா: ...சரி. தப்புதான். ஆசையா இருக்கா புள்ள. மேடை ஏறிப் பேசினா, போஸ்டர் ஒட்டினா, ஆத்தங்கரையில போய் பிளாஸ்டிக் பொறுக்கினா. அவ வாயில விழ இருந்ததை நானே தட்டி விட்டுட்டேன். போதுமா?

அம்மா: எத்தனை நாளா நடக்குது?

அப்பா: திங்கக்கிழமை மத்தியானம் ஆரம்பிச்சேன். இது கடைசி.

அம்மா: ம்.

அப்பா: ஆனா ஒண்ணு. மீட்டரு அதுக்கு முன்னாடியே ஏற ஆரம்பிச்சிடுச்சே. வெள்ளிக்கிழமையே நீ சொன்னியே, ஏறுதுன்னு. அது நான் இல்ல. சத்தியமா.

அம்மா: ஃப்ரிட்ஜா இருக்கும். பழசு ஆயிடுச்சு.

அப்பா: ஃப்ரிட்ஜு போன வருஷம்தானே வாங்கினோம்.

அம்மா: அப்ப ஃபேனு.

அப்பா: ஹால்ல இருக்கற ஒரே ஃபேனுதான் ஓடுது. பனிக்குட்டி வந்ததுலேர்ந்து மத்ததை எல்லாம் நிறுத்தியாச்சே.

அம்மா: எனக்கு என்ன தெரியும்? நான் கரண்ட்டு ஆபீசா நடத்தறேன்?

அப்பா: இங்க பாரு. என் முகத்தைப் பாரு.

அம்மா: அடுப்புல வேலை இருக்கு.

அப்பா: அடுப்புல என்ன வேலை? மின் அடுப்பு மேல ஒரு பாத்திரம் எப்பவும் இருக்கு. நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன். உள்ள வெறும் தண்ணி.

அம்மா: குடிக்கறதுக்கு.

அப்பா: அவ்வளவு தண்ணி யார் குடிக்கறது?

அம்மா: ...கொதிக்க வெச்சா நல்லது.

அப்பா: வெச்சியா?

அம்மா: வெச்சேன்.

அப்பா: அப்புறம்?

அம்மா: ஆற வெச்சேன்.

அப்பா: அப்புறம்?

அம்மா: ...திரும்பக் கொதிக்க வெச்சேன்.

அப்பா: அடிப்பாவி. என்னைப் போய் இவ்வளவு நேரம் போலீஸ்காரி மாதிரி...

அம்மா: மெதுவா பேசுங்க. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

அப்பா: தண்ணியைப் போட்டு அந்தப் பாடு படுத்தியிருக்கே. நான் ஏசியாவது போட்டுக்கிட்டு உக்காந்தேன். எனக்கு ஏதோ சுகமாவது கிடைச்சுது.

அம்மா: போர்வைக்குள்ள நடுங்கிட்டு இருந்தது சுகமா?

அப்பா: நீ எதுக்குச் செஞ்சே, அதைச் சொல்லு. நீதானே அவளை உசுப்பேத்தி விட்டே, போ போ, உலகத்தைப் பாருன்னு.

அம்மா: சொன்னேன். இப்பவும் சொல்லுவேன். போகணும். போகத்தான் வேணும்.

அப்பா: அப்புறம்?

அம்மா: அவ போயிட்டா இந்த வீட்டுல யாரு இருப்பா?

அப்பா: நீ. நான்.

அம்மா: அதான்.

அப்பா: என்ன அதான்?

அம்மா: நாம ரெண்டு பேரும் என்னங்க பேசப் போறோம்? அவளுக்குப் பேச்சு வந்த நாள்லேர்ந்து நாம பேசினதெல்லாம் அவளைப் பத்தி. இல்லேன்னா அவ வழியா. 'உங்கப்பாவை சாப்பிட வரச் சொல்லு'ம்பேன். நீங்க ரெண்டடி தள்ளி உக்காந்திருப்பீங்க.

அப்பா: நானும் 'அப்பா வர்றாராம்னு சொல்லு'ம்பேன்.

அம்மா: நடுவுல அவ ஓடிட்டே இருப்பா. அவ இல்லேன்னா அந்த ரெண்டடியை யாரு கடக்கறது? அதை நெனச்சேன். பாத்திரத்தை எடுத்து அடுப்புல வெச்சுட்டேன்.

அப்பா: இந்த ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சு இல்ல?

அம்மா: எது? வேர்த்து விறுவிறுத்து ஹால்ல பாய் போட்டுப் படுத்ததா?

அப்பா: ஆமா. ஒரே ஃபேனு. அதுக்குக் கீழ நாலு பேரு. பனிக்குட்டி நடுவுல எனக்குத்தான் காத்து வரணும்னு உருண்டு உருண்டு வரும். நீ அன்னிக்கு உன் லேப்ல ஒரு ஆளு ஊசியைப் பாத்ததும் நாற்காலியோட மயங்கி விழுந்த கதையைச் சொன்னே. எனக்கு அந்தக் கதையே தெரியாது.

அம்மா: அது நடந்து ரொம்ப நாள் ஆச்சு.

அப்பா: எங்கிட்ட சொல்லவே இல்லையே.

அம்மா: நீங்க உங்க ரூம்ல ஏசியில இருந்தீங்க. நான் சமையல்கட்டுல இருந்தேன். அவ அவ ரூம்ல ஹெட்போனோட. யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்?

அப்பா: எனக்கும் அதான்டி. அவ போறது ஒரு பயம். போனதும் நீ பழையபடி சமையல்கட்டுக்கும் நான் பழையபடி ரூமுக்கும் போயிடுவோமோன்னு இன்னொரு பயம். இரு, அழறியா?

அம்மா: இல்ல. அந்த மிக்சிப் புகை.

அப்பா: மிக்சி நின்னு எவ்வளவு நேரம் ஆச்சு.

அம்மா: புகை நிக்க வேணாமா? முதல்ல ஏசியை அணைங்க.

அப்பா: அணைச்சாச்சு. லைட்டும் அணைச்சாச்சு. இப்ப என்ன பண்றது? மணி ஆகப் போகுது. எங்கிட்ட காலையில எடுத்த படம் ஒண்ணு இருக்கு, மீட்டரோடது. இன்னிக்கு ஏறினது அதுல வராது. அதை அனுப்பிடட்டுமா? புள்ளைக்குக் கொஞ்சமாவது...

அம்மா: அப்படிப் பாத்தா நான் போன வாரம் கொதிக்க வெச்சதை என்ன பண்ணுவீங்க? வேணாம். இருக்கறதை அனுப்புங்க. அவ வந்ததும் ரெண்டு பேரும் உண்மையைச் சொல்லிடலாம். திட்டினா வாங்கிக்கலாம்.

அப்பா: நீ முதல்ல சொல்லு.

அம்மா: நீங்கதான் அப்பா.

அப்பா: நீதான் நல்லா பேசுவே.

அம்மா: முதல்ல படத்தை எடுங்க. ...என்னங்க இது, எண்ணே தெரியல. மங்கலா இருக்கு.

அப்பா: கை நடுங்குது.

அம்மா: இன்னும் குளிருதா?

அப்பா: குளிரு இல்ல.

அம்மா: குடுங்க, நான் எடுக்கறேன். ...என் கையும் சரியா இல்ல. நீங்க என் கையைப் புடிச்சுக்குங்க. ம். இப்ப அமுக்குங்க.

*

மகள்: என்ன, வீட்டுல ஏதோ கருகின வாசனை வருது?

அப்பா: வாடா கண்ணு. வா. உக்காரு. தண்ணி வேணுமா? அம்மா நிறைய தண்ணி வெச்சிருக்கா.

அம்மா: நீங்க சும்மா இருங்க. எங்கடி பனிக்குட்டி?

மகள்: அம்மா, நீயுமா அப்படிக் கூப்பிடறே? கீழ நிக்கறா. பக்கத்து வீட்டு லைட்டு எரியுதாம், 'அணை'ன்னு சொல்லிட்டு வர்றேன்னு போயிருக்கா.

அம்மா: ஏன் உன் மூஞ்சி இப்படித் தொங்கிப் போயிருக்கு?

மகள்: ஒண்ணும் இல்ல.

அப்பா: முடிவு சொல்லிட்டாங்களா?

மகள்: சொல்லிட்டாங்க.

அப்பா: கண்ணு, நீ எதுவும் சொல்றதுக்கு முன்னாடி உங்கம்மா உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.

அம்மா: உங்கப்பாதான் சொல்லணும்.

மகள்: யாராவது ஒருத்தர் சொல்லுங்க.

அம்மா: மீட்டரு ஏறினதுக்கு நாங்கதான்டி காரணம். நான் வெறும் தண்ணியை நாள் பூரா கொதிக்க வெச்சேன். உங்கப்பா மத்தியானத்துல வந்து ஆளில்லாத வீட்டுல ஏசி போட்டாரு. நீ போகாம இருந்தா தேவலைன்னு.

அப்பா: மிக்சியும்.

அம்மா: மிக்சியும். இனிமே அதுல சட்னிகூட அரைக்க முடியாது.

மகள்: ரெண்டு பேரும் சேர்ந்தா?

அப்பா: சேர்ந்து இல்ல. தனித்தனியா. இன்னிக்குத்தான் ஒருத்தரை ஒருத்தர் கையும் களவுமா புடிச்சோம்.

அம்மா: கோபப்படு. திட்டு. நாலு நாள் பேசாம இரு. ஆனா எங்க மேல வெச்ச நம்பிக்கையை மட்டும்...

மகள்: அம்மா. நாமதான் ஜெயிச்சோம்.

அப்பா: என்னது?

மகள்: நம்ம வீடுதான் இருக்கறதுலயே குறைச்சல்.

அம்மா: எப்படிடி? மீட்டரு அந்த ஓட்டம் ஓடுச்சே.

மகள்: மத்த வீட்டுல இதைவிட ஓடியிருக்கு. முதல் வாரம் பத்து வீடும் அழகா இறங்கியிருக்கு. ரெண்டாவது வாரம் பத்தும் ஏறியிருக்கு. மிஸ்ஸுக்கு ஒண்ணும் புரியல. ஊர் மீட்டரே கெட்டுப் போச்சான்னு கேட்டாங்க. முடிவு கேக்க எல்லா அப்பா அம்மாவும் ஸ்கூலுக்கு வந்திருந்தாங்க, அதுல வக்கீல் மாமாதான் முதல்ல எந்திரிச்சு நின்னாரு.

அப்பா: அவரு என்ன செஞ்சாராம்?

மகள்: வாஷிங் மெஷினைத் துணி போடாம ஓட விட்டிருக்காரு. பையன் போகக் கூடாதுன்னு.

அம்மா: வக்கீலாச்சே, மறுக்கத் தெரியாதா அவருக்கு?

மகள்: மறுத்துத்தான் பாத்தாரு. அவர் பையனே எதிர்த்தரப்புச் சாட்சி ஆயிட்டான். அப்புறம் ஒவ்வொருத்தரா எந்திரிச்சாங்க. நர்ஸ் ஆன்ட்டி துணியே இல்லாம இஸ்திரி போட்டாங்களாம். பேக்கரி மாமா கரண்ட்டு அடுப்பை வெறுமனே ஓட விட்டிருக்காரு. அந்த ஊரு புள்ளைங்கல்லாம் சிரிச்சு சிரிச்சு வயித்தைப் புடிச்சுக்கிச்சு.

அப்பா: அப்ப பத்து வீட்டுலயும்...

மகள்: நீங்க ரெண்டு பேரு மட்டும்தான் வரல. உங்க படம்தான் கடைசியா வந்துச்சு. அதைப் பாத்துட்டுத்தான் மிஸ் என் பேரைச் சொன்னாங்க.

அம்மா: நாம ரெண்டு பேரும் சரியா வேலை செய்யலைங்க.

அப்பா: நான் அப்பவே நெனச்சேன், ஹீட்டரையும் போட்டிருக்கணும்னு.

அம்மா: வாயை மூடுங்க. ...நீ மிஸ்கிட்ட என்னடி சொன்னே?

மகள்: வர்றேன்னு சொல்லிட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. பனிக்குட்டி என்னைத் தூக்கிச் சுத்தினா.

அப்பா: நல்லது செஞ்சே. போயிட்டு வா கண்ணு. நல்ல கம்பளிக் கோட்டு வாங்கலாம். லேஸ் இல்லாத ஷூ வாங்கலாம்.

அம்மா: எங்களைப் பத்திக் கவலைப்படாதே. நாங்க பேசிப்போம். உங்கப்பாவுக்கு என்கிட்ட சொல்லாத கதை எவ்வளவோ இருக்காம்.

அப்பா: இருக்கா?

அம்மா: இருக்கணும். இல்லேன்னா கட்டிச் சொல்லுங்க.

அப்பா: பாத்தியா, இப்பவே ஆரம்பிச்சாச்சு. நீ நிம்மதியா போகலாம். அங்க போய் நல்லா கத்துக்க. அவங்க எப்படி மரம் வளக்கறாங்க, எப்படிக் குப்பையைப் பிரிக்கறாங்க, எல்லாம் பாரு. வந்து எங்களுக்கும் சொல்லு.

அம்மா: நாங்க வழியில நிக்க மாட்டோம். நீ ஆசைப்பட்டது கிடைச்சிருக்கு. அப்புறம் ஏன்டி இன்னும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு நிக்கறே? சிரிக்க வேணாமா?

மகள்: எப்படிச் சிரிக்கறது? பனிக்குட்டி குளிக்கப் போற நேரமெல்லாம் கதவைச் சாத்திட்டு, ஹேர் டிரையரைச் சுவத்துக்குக் காட்டிட்டு நின்னேன். கையே வலிச்சுப் போச்சு. அப்படியும் ஜெயிச்சுட்டேனேம்மா...